அச்சாரம் கொடுக்கும் முன்: கல்யாண மேளம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மண்டபம் பிடித்தாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அப்புறம்தான் "மேளத்துக்கு யாரைப் பார்க்கலாம்?" என்ற பேச்சு வரும். மலாக்காவில் ஜாசின், அலோர்காஜா, மெர்லிமாவ் என்று எந்தப் பக்கத்துக் கல்யாண வீடானாலும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: கெட்டிமேளம் ஒரு நிமிடம்தானே, கைப்பேசியில் போட்டுவிடலாம்.

உண்மை: தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ காதில் விழாமல் மூடத்தான் கெட்டிமேளம். அது எப்போது தொடங்கும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி ஆசி வாங்கித் திரும்ப வேண்டும். எங்கோ நிற்கும் தாய்மாமன் மணவறைக்கு வர வேண்டும். ஐயர் கையை உயர்த்த வேண்டும். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழியைப் பிடித்தபடி ஐயரின் கையையே பார்த்திருப்பார். கைப்பேசி வைத்திருக்கும் தம்பியோ ஒலிபெருக்கிப் பக்கம் மறுகோடியில் நிற்பார். சைகை அவருக்குப் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் மூன்றாம் முடிச்சையும் போட்டிருப்பார்.

நம்பிக்கை: நல்ல வித்துவான் வேண்டுமென்றால் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும்.

உண்மை: முதலில் உள்ளூர்த் திருவிழாக்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டது போலவும் ஆகும், மேளம் கேட்டது போலவும் ஆகும். ஆனால் ஒன்று: கோயில் வித்துவான் வெளிநாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவரென்றால், யார் பெயரில் அனுமதியோ அவரிடம்தான் அவர் வேலை செய்யலாம். ரகசியமாகப் பேசி அழைத்தால் சிக்கல் அவருக்குத்தான். கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். பூசை நேரமும் உங்கள் முகூர்த்தமும் மோதுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: உருமி சாவு மேளம், கல்யாணத்துக்கு ஆகாது.

உண்மை: தமிழ்நாட்டில் ராஜகம்பள நாயக்கர் கல்யாணங்களில் தேவராட்டம் ஆடுவதே தேவதுந்துபி எனும் உருமிக்குத்தான். இங்கே தோட்டத்து முனீஸ்வரர், மதுரைவீரன் கோயில்களில் வளர்ந்த உருமி, இன்று இளைஞர்களின் குழுக்களாக வரவேற்பு வாசலுக்கும் வந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது கருவியை அல்ல, அடியைத்தான். சாமி அழைக்கும் அடியை மாப்பிள்ளை வரும்போது அடித்தால் பந்தலிலேயே யாருக்காவது அருள் வந்துவிடும். எந்த இடத்தில் எந்த அடி என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நம்பிக்கை: டொண்டாங் சாயாங் மலாய்க்காரர் பாட்டு, நமக்கும் அதற்கும் என்ன?

உண்மை: 2018இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது, மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு மலாக்காச் செட்டிகளையும் அதற்கு உரியவர்களாகவே சொன்னது. காஜா பெராங்கின் கம்போங் செட்டியில் வாழும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமிகளை. வயலின், ரெபானா, கோங் ஒலிக்க, இருவர் பந்துன் எனும் மலாய்க் கவிதை கட்டி ஒருவரையொருவர் மடக்கிப் பாடும் கலை இது. விவரம் சொல்லிவைத்தால் மாப்பிள்ளையைச் செல்லமாகச் சீண்டியும் பாடுவார்கள். எல்லா இனத்து நண்பர்களும் வரும் இரவு விருந்துக்கு இதைவிடப் பொருத்தமானது மலாக்காவில் வேறில்லை.

நம்பிக்கை: சத்தம் கூடினால்தான் கல்யாணம் களைகட்டும்.

உண்மை: நாதஸ்வரமும் தவிலும் வீதி உலாவுக்கென்றே அமைந்தவை. ஏர்கான் போட்டு அடைத்த சிறு மண்டபத்தில் அவற்றுக்கு மைக் வைத்தால் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசக்கூட முடியாது. பேண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்வதானால் ஒத்திகை கட்டாயம். நாதஸ்வரம் ஒரு சுருதிக்கென்றே கடைந்த கருவி. கீபோர்டுதான் அதன் கட்டைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: அச்சாரம் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை.

உண்மை: ஆடி, மார்கழி போன்ற மாதங்களைக் கழித்தால் மிச்ச மாதங்களில்தான் கல்யாணம். அதிலும் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் எல்லாரும் அந்த ஒரே நாளில் வந்து விழுவார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரே குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு மண்டபங்களுக்குப் போவதும் உண்டு. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், மைக் யாருடையது, வண்டிச் செலவு யாருடையது, இரவு எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்லி மண்டபத்தில் விதி என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கும் முன்னால், "அன்றைக்கு வாசிக்கப் போவது நீங்கள்தானா?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் இழுத்தால் அச்சாரம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.