பெயிண்ட் கடைசியில்தான்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்றில், மாந்தோப்பு மோட்டார் ரூமில் தூசி படிந்து நிற்கும் இண்ட்-சுசூகி. இன்னொன்றில், அதை நீ மாற்ற நினைக்கும் கஃபே ரேஸர்: தாழ்ந்த ஹேண்டில்பார், வெட்டிய சீட், குட்டை சைலன்சர், கறுப்பு டேங்க். வண்டியைக் கட்டுவது உன்னால் முடியும். ஆனால் நீ எழுதியிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. பெயிண்டில் தொடங்கி பிரேக்கில் முடித்திருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும்.

முதல் வேலைக்கு ஸ்பானரே தேவையில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார். எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே திருப்பி அடித்தது போலத் தெரிந்தாலோ, தோப்புக்காரர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒத்துப்போனால், பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆம் எண் படிவங்களில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள். இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு வண்டியை நேரில் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

அந்த ஆய்வில்தான் உன் இரண்டாவது படம் மாட்டிக்கொள்ளும். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், உரிமையாளர் விதிக்குப் புறம்பாகச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்றது. ஆகவே ஃபிரேமை வெட்டாதே, வேறு வண்டியின் இன்ஜினை ஏற்றாதே. நிறத்தை மாற்றலாம், அதையும் ஆர்.சி.யில் பதிந்துவிடு. சீட்டின் ஃபோமையும் உறையையும் உன் உயரத்துக்கும் முதுகுக்கும் ஏற்றபடி தைத்துக்கொள்ளலாம். தினமும் தர்மபுரி போய்வரப் போகிறவளுக்குத் தாழ்ந்த ஹேண்டில்பார் மணிக்கட்டு வலியைத்தான் தரும்.

இனி பட்டறை வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடு. கழற்றுகிற போல்ட்டுகளைப் பகுதி பகுதியாக டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிவை. துருப்பிடித்த நட்டை இழுத்து முறிக்காதே. முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவை. ஃபிரேம் வெறுமையானதும் ஹேண்டில் கழுத்தையும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடத்தையும் துணியால் துடைத்து, வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். திரும்ப மாட்டியபின் இரண்டு சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும்.

அடுத்தது பிரேக். நம் பக்கத்திலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். உன் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக். பிரேக் ஷூ, கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங் மூன்றையும் புதிதாகப் போடு. டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய். டயரில் பட்டன் நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாறாதே. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1215 என்றால் 2015ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், கழற்றி எறி.

பிறகு இன்ஜின். இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்பட்டு, அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு பழுதானால் தண்ணீர் ஏறாது அல்லவா, அதுபோல கிராங்கின் இருபக்க ஆயில் சீலும் இறுக்கமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். வருடக்கணக்காக நின்ற வண்டியில் சீல் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வழியாக வெறும் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும். சில நூறு ரூபாய் சீலை விட்டுவிட்டால் சிலிண்டர் போய்விடும். போர் தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கியபின் போர் போடக் கொடு. பிஸ்டனையும் கூடவே கொண்டு போ, அதன் அளவுக்குத்தான் போர் போட வேண்டும்.

சைலன்சரைப் பற்றி நீ கேட்டதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் புகையோடு கொஞ்சம் புதுக் கலவையும் வெளியே ஓடிவிடும். சரியான நீளமும் வடிவமும் உள்ள குழாயில் அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பி, அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இதை ஊன்றி ஆராய்ந்தார். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி, அந்தத் தொழில்நுட்பத்தோடு சுசூகியில் சேர்ந்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்குக் கிடைத்தது. அதே சுசூகிதான் பிறகு டி.வி.எஸ்.ஸோடு கைகோத்தது. 1984இல் ஓசூரில் இண்ட்-சுசூகி ஏ.எக்ஸ். 100 வெளிவந்தது. இராயக்கோட்டை சாலையில் போனால் வந்துவிடும் ஊரில் பிறந்த வண்டி உன்னுடையது. அதன் சைலன்சரை வெட்டினால் திரும்பி வரும் அந்த அலையின் கணக்கு கெட்டுவிடும்; சத்தம்தான் கூடும், இழுவை குறையும். வெட்டுவதற்குப் பதில் உள்ளே படிந்த கரியைச் சுத்தம் செய். வித்தியாசம் ஓட்டும்போதே தெரியும்.

டேங்க் ஓட்டையாக இருந்தால் வீட்டில் யாரையும் வெல்டிங் வைக்க விடாதே. காலி டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். பழக்கமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் கொடு.

இதெல்லாம் முடிந்து, பெயிண்ட் இல்லாமலே வண்டியை முடுக்காமல் சில நாள் ஓட்டு. பிளக்கைக் கழற்றிப் பார். முனை காப்பிப் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் காற்று அதிகம், கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். ஒழுகுவது, ஆடுவது, உரசுவது எல்லாம் இப்போதே வெளிப்படட்டும். பெயிண்ட் அடித்தபின் கண்டுபிடித்தால், திரும்பக் கழற்றும்போது ஸ்பானர் பட்டு அது உரியும். பிறகு உன் மனம் போல கறுப்பு அடி. அந்தச் செலவு என்னுடையது.

நாளைக்கே ஆர்.சி.யையும் இரண்டு எண்களையும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு நான் சரி என்று சொல்லும்வரை தோப்புக்காரரிடம் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா