மரத்தடியில் ஒரு பல்கலைக்கழகம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன் எழுதியது)

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஊரில் விளைந்த சுரைக்காயை ஏட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள், அந்த ஏட்டைக்கூட ஊருக்குத் திருப்பிக் காட்டுவதில்லை என்பதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். ஒருமுறை, படிவத்துக்கு விடை சொன்ன வீட்டின் பிள்ளையாக. மறுமுறை, படிவத்தைக் கையில் பிடித்துச் சென்ற மாணவனாக. கல்வி ஆய்விலும், 'கவுன்சலிங்' என்று நாம் வழங்கும் ஆற்றுப்படுத்தும் பணியின் ஆய்விலும், பல்கலைக்கழகமும் மக்களும் கைகோத்து நிற்க முடியுமா என்னும் கேள்வி அதனால் எனக்குப் பாடநூற் கேள்வியாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்த கேள்வியாகவே தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து சிலர் எங்கள் தெருவுக்கு வந்து வீடுவீடாகக் கேள்வி கேட்டார்கள். என் தந்தை மறைந்து எட்டு மாதம் ஆகியிருந்த காலம் அது. "கடந்த மாதத்தில் உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா? எப்போதும், சில நேரம், இல்லை, இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார் வந்தவர். "அப்படின்னா என்னங்க சார்?" என்று கேட்டார் அம்மா. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்றிரவும் அம்மா உறங்கவில்லை. "யோசனையா இருக்குடா, நெஞ்சில கல்லு வச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த யோசனைக்கும் கல்லுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை. ஏதோ ஓர் அறிக்கையில் என் தாய் இன்றும் துன்பமில்லாத பெண்ணாகவே எண்ணப்பட்டிருப்பார்.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நாடுகளில் நடந்த இரண்டு முயற்சிகளைப் பற்றிப் படித்தேன். அவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவேல முள்ளும் தீக்குச்சியும்

முதலாவது, மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. நர்மதை ஆற்றங்கரையில் இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் மாவட்டத்துக்கு அந்நாளில் ஹோஷங்காபாத் என்று பெயர். அங்கே 1972-ஆம் ஆண்டு, கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு அமைப்புகள், மாநில அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வியைத் தொடங்கின. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால், பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் உயிரியல் ஆய்வு செய்துவந்தவர். அந்நிறுவனத்தின் அறிவியலாளர்களும், 1973 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் இப்பணியில் இணைந்தார்கள்.

கிராமத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லை. அறிவியல் என்றால் மனப்பாடம் என்றிருந்த நிலை. அதை மாற்ற, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் 'பால் வைஞானிக்' என்ற பெயரில் நூல்கள் எழுதப்பட்டன. 'சிறுவர் அறிவியலார்' என்பது அதன் பொருள். அந்நூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன; விடைகள் இல்லை. மாணவர்கள் நால்வர் நால்வராகக் கூடிச் சோதனை செய்து, தாம் கண்டதை எழுத வேண்டும். தேர்வில் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் கேட்கப்படாத இடத்தில் நூலை மூடி வைப்பதற்கு அவசியம் ஏது?

கருவிகள் எளியவை. பூவை அறுத்துப் பார்க்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் போதுமானதாயிற்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் அங்கே சென்றார். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம், சதுரம், கூம்பகம் என்று வடிவங்களைச் செய்யும் முறை அங்கேதான் அவருக்குத் தோன்றியது. முக்கோணத்தை அழுத்தினால் அது வளையாது, சதுரம் சாய்ந்துவிடும் என்பதை ஒரு சிறுவன் கைவிரலால் அறிந்துகொள்ளலாம். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. பாலங்களில் ஏன் முக்கோணச் சட்டம் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஆனால் இங்கே நான் வற்புறுத்த விரும்புவது கருவிகளை அல்ல. நூலை எழுதியவர்கள் அதை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பவில்லை. கிராமப் பள்ளி ஆசிரியர்கள் கோடைகாலப் பயிற்சியில் அதே சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார்கள். மாதந்தோறும் கூடி, எந்தப் பாடம் வகுப்பில் நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் கொண்டு பாடங்கள் திருத்தப்பட்டன. சவாலிராம் என்ற கற்பனைப் பெயருக்குப் பிள்ளைகள் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுதினார்கள், விடையும் பெற்றார்கள். 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி. கேள்வி கேட்பவனே அங்கே கதாநாயகன்!

1978-இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் இப்பணியை முன்னெடுக்க ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. பின்னர் வேறு சில மாவட்டங்களிலும் பரவியது. ஆயினும் 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பும் ஓர் ஆணைக்கு முன் நிற்க முடியவில்லை. ஏகலவ்யா இன்றும் நூல்களும் 'சக்மக்' என்னும் சிறுவர் இதழும் வெளியிட்டு வருகிறது. ஆனால் அந்தப் பள்ளிகளின் மணி அடிக்கும் நேரத்தில் அதற்கு இடம் இல்லாமற் போயிற்று.

பாட்டிமார்களின் இருக்கை

இரண்டாவது, ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டில் நடந்தது. தலைநகர் ஹராரேயில் 2005-ஆம் ஆண்டு அரசு மேற்கொண்ட இடிப்பு நடவடிக்கையில் ஏழைகள் பலர் வீடும் தொழிலும் இழந்தார்கள். அந்நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு நோயாளிக்குக் காத்திருப்பது போதாது என்பதை அம்மரணம் தமக்கு உணர்த்தியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

2006-இல் ம்பாரே என்னும் நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் 14 மூதாட்டியரோடு அவர் பணி தொடங்கினார். அவர்கள் ஏற்கெனவே நகரச் சுகாதாரத் துறையின் தொண்டர்களாக ஊராருக்கு அறிமுகமானவர்கள். மருத்துவமனைக்குள் அறை கிடைக்கவில்லை. எனவே வெளியே, மரநிழலில் ஒரு மர இருக்கை போட்டார்கள். அதற்கு முதலில் மனநல இருக்கை என்று பெயர். அப்பெயரைக் கேட்டால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று சொன்னவர்கள் பாட்டிமார்களே. 'நட்பு இருக்கை' என்ற பெயர் அவர்கள் வழியாகவே வந்தது.

அங்கே நடப்பது என்ன? துன்பத்தோடு வருபவரைப் பாட்டி பேசவிடுகிறார். முதற்படிக்கு அவர்கள் ஷோனா மொழியில் 'குவுரா புங்க்வா' என்று பெயரிட்டார்கள்; மனத்தைத் திறத்தல் என்பது பொருள். அடுத்த படி தூக்கி நிறுத்துதல், அதற்கடுத்தது உறுதிப்படுத்துதல். வந்தவர் தம் சிக்கல்களையெல்லாம் சொன்னபின், அவற்றுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கிறார். அதற்குத் தம்மால் செய்யக்கூடிய ஒரு சிறு தீர்வை அவரே முடிவு செய்கிறார். அடுத்த முறை வந்து, செய்ததைச் சொல்கிறார். இவ்வாறு ஆறு சந்திப்புகள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அவர்கள் பயன்படுத்திய படிவம். அதில் 14 கேள்விகள். ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். 1990-களில் ஹராரேயில் பணியாற்றிய நம் நாட்டவரான விக்ரம் படேலும் உடன் ஆய்ந்தவர்களும் அதை உருவாக்கினார்கள். ஆங்கிலப் படிவம் ஒன்றை மொழிபெயர்ப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவ்வூர் மக்கள் தம் துன்பத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று கேட்டு, அச்சொற்களைக் கொண்டு கேள்விகளை அமைத்தார்கள். ஷோனா மொழியில் மனத்துன்பத்துக்கு வழங்கும் சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் பொருள்.

இதைப் படித்த அன்று நூலகத்தில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "யோசனையா இருக்குடா" என்று அம்மா சொன்னது அந்தச் சொல்லேதான். ஹராரேயில் அது கேள்வித்தாளில் ஏறியிருந்தது. எங்கள் தெருவில் அது யார் காதிலும் ஏறவில்லை.

இம்முயற்சி பலித்ததா என்பதையும் அவர்கள் சோதித்தார்கள். ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேர் சேர்க்கப்பட்டார்கள். சில நிலையங்களில் வழக்கமான சிகிச்சையும் நோய் பற்றிய விளக்கமும் மட்டும். மற்றவற்றில் நட்பு இருக்கை. எந்த நிலையத்துக்கு எது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த 14 கேள்விகளில் இருக்கையில் அமர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் 3.81, மற்றவர்களுக்கு 8.90. மதிப்பெண் குறைந்தால் துன்பம் குறைந்தது என்று பொருள். இம்முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. பங்கேற்றவர்களில் பெண்களே மிகுதி என்பதையும், அளந்தது ஆறு மாதம் வரையில்தான் என்பதையும் அறிவியல் மாணவர்களாகிய நாம் மறக்கலாகாது. எனினும், பாட்டியின் பேச்சு பயன் தரும் என்பதை நம்பிக்கையாக விட்டுவிடாமல் எண்ணிக் காட்டினார்களே, அதுவே பல்கலைக்கழகம் செய்யவேண்டிய பணி.

இரண்டிலும் காணும் ஒற்றுமை

ஒன்று அறிவியல் கல்வி, மற்றொன்று மனநலம். எனினும் இரண்டுக்கும் பொதுவானவை சில உண்டு. முதலாவதாக, ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களே பணியின் கைகளாக இருந்தார்கள்; அங்கே பள்ளி ஆசிரியர், இங்கே மூதாட்டி. இரண்டாவதாக, ஊராரின் சொல்லும் பொருளும் ஆய்வுக்குள் நுழைந்தன. அங்கே கருவேல முள், இங்கே குஃபுங்கிசிசா. மூன்றாவதாக, ஊரார் தவறு என்று சொன்னதைப் படித்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அங்கே பாடம், இங்கே பெயர்.

படித்தவர்களுக்கு இதில் வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பயிற்சி அளிப்பதும், எண்ணிப் பார்ப்பதும், ஒப்பிடுவதும், முடிவைத் துணிந்து வெளியிடுவதும் அவர்கள் வேலை. ஊர் தன் அறிவைத் தருகிறது. பல்கலைக்கழகம் அதைச் சோதித்து ஊருக்கே திருப்பித் தருகிறது. திருப்பித் தராவிட்டால் அது கூட்டுமுயற்சி ஆகாது, கொள்முதல் ஆகும்.

நம் முகாமில் நடந்தது

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குச் சென்ற ஆண்டு நானும் போயிருந்தேன். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் கணக்கை எடுப்பது எங்கள் குழுவின் வேலை. காரணம் என்ற தலைப்பின் கீழ் வறுமை, உடல்நலக் குறைவு, படிப்பில் ஆர்வமின்மை, பிற என்று நான்கு கட்டங்கள். "அவளுக்குப் போகப் பிடிக்கலைங்க" என்று பெற்றோர் சொல்லச் சொல்ல, நான் ஆர்வமின்மையில் கோடு போட்டேன். மொத்தம் 11 கோடுகள். ஒரு மூதாட்டி மட்டும், "ஏந்தம்பி, எழுதிட்டுப் போறியே, என்ன எழுதினேன்னு திரும்பி வந்து சொல்லுவியா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். எங்கள் தெருவுக்கு வந்தவரும் அப்படித்தான் நடந்தார் என்பது அன்றிரவு நினைவுக்கு வந்தது.

முகாம் முடிந்த மூன்றாம் ஞாயிறன்று, வகுப்புத் தோழர்கள் இருவரோடு அவ்வூருக்கு மறுபடி போனேன். கணக்கை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கடைத் திண்ணையில் வாசித்தேன். "பதினோரு பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை" என்றதும் ஒரு தாய் எழுந்து நின்றார். "யாருக்கய்யா ஆர்வமில்ல? சாயங்கால பஸ்ஸு ஏழரைக்குத்தான் வருது. இருட்டுல ரெண்டு மைல் காட்டு வழியா வயசுப் பொண்ணு நடந்து வரணும். ரெண்டு தடவை பயந்து ஓடிவந்துச்சு. அப்புறம் பிடிக்கலைன்னு சொல்லிச்சு" என்றார். மேலும் சிலர் அதையே சொன்னார்கள். அங்கேயே உட்கார்ந்து மறுபடி கேட்டோம். 11 கோடுகளில் 8, பேருந்துக்கு உரியவை. அந்த எண்மரும் பெண் பிள்ளைகள்.

என் தாயின் துன்பத்தை "இல்லை" என்று எழுதியவர்மேல் எனக்குச் சில ஆண்டுகளாகக் கோபம். எட்டுப் பெண் பிள்ளைகளின் அச்சத்தை நானே "ஆர்வமின்மை" என்று எழுதியிருந்தேன். நாங்கள் திரும்பிப் போயிராவிட்டால் அது அப்படியே கோப்பில் உறங்கியிருக்கும்.

திருத்திய கணக்கோடு, பேருந்து நேரத்தை மாற்றக் கோரும் மனுவை ஊராரே எழுதினார்கள். நாங்கள் படியெடுத்துக் கொடுத்தோம். இதை எழுதும் நாள்வரை நேரம் மாறவில்லை. மாறும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டியது எது என்பதாவது இப்போது தெளிவாகியிருக்கிறது.

முடிவுரை

ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். படிவம் அச்சிடுவதற்கு முன் ஒரு நாள் ஊருக்குச் சென்று, அவர்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்போம். கட்டங்களுக்கு அருகில் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுத ஒரு வரி இடம் விடுவோம். முகாமின் ஏழு நாட்களோடு எட்டாவதாக ஒரு நாளைச் சேர்த்து, எடுத்த கணக்கை ஊர்முன் வாசிப்போம். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பேருந்துச் சீட்டும் சிறிது துணிவும் போதும்.

சென்ற விடுமுறையில் ஹராரேயின் இருக்கையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கிழவிகளுக்குச் சம்பளம் உண்டாடா?" என்று கேட்டார். ஆய்வாளர்கள் கேட்கவேண்டிய கேள்வி அது. அடுத்த முகாமுக்குப் போகும்போது, எங்கள் படிவத்தை முதலில் அம்மாவிடம் காட்டலாம் என்றிருக்கிறேன்.