ரெண்டு இன்ஜின் இருந்துமா?



2015 ஜூன் 8-ந் தேதி இரவு, சென்னையிலிருந்து ரோந்து வந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று நம்ம சிதம்பரம் பக்கக் கடலில் காணாமல் போனது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். அப்போது நான் சின்னப் பையன். புவனகிரி டீக்கடையில் பேப்பரைப் படிக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு இன்ஜின் இருந்துமா விழுந்துது?" என்று எங்கப்பா கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் நான், இப்போது அதற்குப் பதில் தேடிப் பார்த்தேன்.

பிறப்பு

டோர்னியர் 228 ஜெர்மனியில் 1981 மார்ச் 28-ல் முதன்முதலாகப் பறந்தது. 1983-ல் இதைத் தயாரிக்கும் உரிமத்தை நம் நாட்டின் எச்.ஏ.எல். நிறுவனம் பெற்றது. கான்பூரில் தயாரான முதல் விமானம் 1986-ல் பறந்தது. கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை மூன்றுமே இதை வாங்கின. ரோந்து, ஆள் ஏற்றுவது, நோயாளியைக் கொண்டுபோவது, பயிற்சி என்று எல்லா வேலைக்கும் இதுதான். 19 பேர் உட்காரலாம். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னல் வழியே கீழே கடல் மறைக்காமல் தெரியும்.

இன்ஜின்

டி.பி.இ. 331 என்ற டர்போபிராப் இன்ஜின்கள் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 715 குதிரைத்திறன். உள்ளே டர்பைன் நிமிடத்துக்கு 41,730 சுற்று சுற்றுகிறது. கியர்பாக்ஸ் அதை 1,591 சுற்றாகக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது. அதாவது 26-க்கு 1. நாம் படிக்கிற அதே கியர் ரேஷியோ கணக்குதான்!

பயிற்சி

மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும். ஒரு இன்ஜின் நின்றால் விமானமும் அப்படித்தான். பைலட் உடனே எதிர்ப்பக்க ரட்டர் பெடலை மிதிக்க வேண்டும். நின்றுபோன புரொப்பெல்லரின் பிளேடுகள் காற்றைத் தடுக்காதபடி காற்றோட்டத்துக்கு நேராகத் திரும்ப வேண்டும். இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். கொச்சியில் கடற்படை இந்த விமானத்தில்தான் பயிற்சி கொடுக்கிறது. கடற்படையின் முதல் மூன்று பெண் பைலட்டுகள் 2020 அக்டோபரில் டோர்னியரில்தான் தேறினார்கள்.

நம் கடலில்

காணாமல் போன விமானத்தை ஒரு மாதத்துக்கு மேல் தேடினார்கள். சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் வந்த சமிக்ஞையைக் கேட்டது. பிறகு ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் பாகங்களைக் கண்டுபிடித்தது. ஜூலை 10-ல் கறுப்புப் பெட்டி கிடைத்தது. மூவரும் திரும்பவில்லை.

இப்போது அப்பாவுக்கு இப்படிச் சொல்வேன்: "ரெண்டு இன்ஜின்ங்கிறது, ஒன்னு நின்னா இன்னொன்னு தாங்குறதுக்குத்தான்பா. மத்த ஆபத்துக்கெல்லாம் அது காவல் இல்ல."

மற்றதைக் காப்பது பைலட்டின் பயிற்சியும், தரையில் பழுது பார்ப்பவரின் கவனமும்தான். நாளைக்கு நம்மில் யாராவது அந்த ஹேங்கரில் ஸ்பேனர் பிடிக்கலாம். நண்பர்களே, ஒவ்வொரு நட்டையும் சரிபார்த்து முடுக்குவோம். மேலே போகிறவர்களுக்கும் வீட்டில் ஒரு அப்பா காத்திருப்பார்.