பூச்சிமருந்தும் மரபணுப் பயிரும்: இல்லறத்தார் அறிய வேண்டுவன

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்தை விளக்கப் புகும் நம் பெரியோர், இம்சையை நான்காக வகுத்துரைப்பர். சமைத்தல், வீட்டைத் துப்புரவு செய்தல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்பிற்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பின்பொருட்டு நேர்வது விரோத இம்சை. கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு கொல்வது சங்கல்ப இம்சை. முன்னைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டிய சிராவகன், நான்காவதனை முற்றும் விலக்கக் கடவன். உழவு இவற்றுள் உத்தியோக இம்சையின்பாற் படும். ஆதிபகவனாகிய விருஷபதேவர் அசி, மசி, கிருஷி முதலாய அறுதொழில்களையும் உலகிற்குக் கற்பித்தருளினார் என்பது நம் புராண மரபு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவருள் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்தவரே. ஏர்ச்சாலில் மண்புழு மடிகின்றது. ஆயினும் மண்புழுவைக் கொல்வதற்காக எவனும் ஏர் பூட்டுவதில்லை.

தெளிப்பானை முதுகிற் சுமந்து வயலில் இறங்குபவன் நிலையும் இத்தகையதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அவன் கொல்லும் பொருட்டே இறங்குகின்றான். ஊர்வழக்கில் அதனை ‘மருந்தடித்தல்’ என்கிறோம். நஞ்சிற்கு மருந்து என்று பெயரிட்டுக்கொண்டதனால் நம் மனம் உறுத்தாமல் இருக்கின்றது போலும்! பயிரைத் தாக்க வந்த பகையை எதிர்ப்பதாகலின் இது விரோத இம்சையே என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது; கடன்பட்டு நட்ட பயிர் கண்முன்னே காய்வதைப் பார்த்து நிற்கும் உழவனிடம் அதனை மறுத்துரைக்க எனக்கு வாய் வாராது. எனினும் அவ்வாதம் நிற்கவேண்டுமாயின் இரண்டு உண்மையாதல் வேண்டும். எதிர்க்கப்படுவது மெய்யாகவே பகையாக இருத்தல் வேண்டும்; தெளித்ததனால் அப்பகை ஒழிதலும் வேண்டும். இவ்விரண்டனையும் நெற்பயிரின் புகையானை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

புகையான் என்பது நெற்றூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூடிநின்று சாறுறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சி. அது மிக்க வயல் வட்டவட்டமாகக் காய்ந்து, புகைபட்டாற்போலத் தோன்றும். வெப்ப நாடுகளில் 1960களுக்கு முன்னர் இது ஒரு பெரும் பகையாக எண்ணப்படவில்லை. உயர் விளைச்சல் இரகங்களும், மிகுதியான தழைச்சத்து உரமும், நாட்குறித்துத் தெளிக்கும் வழக்கமும் பரவிய பின்னரே இது பேரழிவாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோசில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் கென்மோர் முதலியோர் 1970களின் பிற்பகுதியில் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். நஞ்சு தெளிக்காத வயலில் புகையான் சிறுதொகையாகவே இருந்தது. தெளித்த வயலிலோ பன்மடங்கு பெருகியது!

இது எவ்வாறு நிகழ்கின்றது? புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவினுள்ளே செருகி வைக்கின்றது. மேலே தெளித்த நஞ்சு அவற்றை எளிதில் எட்டுவதில்லை. ஆனால் தூர்களிடையே ஓடித்திரிந்து புகையானை உண்ணும் ஓநாய்ச் சிலந்தியையும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அந்நஞ்சு மாய்த்துவிடுகின்றது. சில நாள் கழித்து முட்டையினின்று வெளிவரும் குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் கிடைக்கின்றது. உழவன் மீண்டும் பூச்சியைக் காண்கின்றான், மீண்டும் தெளிக்கின்றான். முதல் நஞ்சே இரண்டாம் நஞ்சிற்குத் தேவையை உண்டாக்கிவிடுகின்றது. நெல்வயலில் வாழும் பூச்சியினங்களுட் பெரும்பாலானவை பயிருக்குத் தீங்கு செய்யாதவை; அவையும் உடன் மடிகின்றன.

இதனை ஒரு நாட்டளவில் மெய்ப்பித்தது இந்தோனேசியா. 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்திய அந்நாட்டின் சாவகத் தீவில், அடுத்த ஈராண்டுகளில் புகையான் பெருகி விளைச்சலை அழிக்கலாயிற்று. அரசோ பூச்சிக்கொல்லிகளின் விலையிற் பெரும்பகுதியை மானியமாகத் தந்துகொண்டிருந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்குப் பயன்பட்டுவந்த 57 பூச்சிக்கொல்லிச் சரக்குகளைத் தடைசெய்து ஆணையிட்டார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பெற்று 1989இல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் உழவர்கள் வரப்பிலமர்ந்து சிலந்தியையும் பூச்சியையும் எண்ணிப் பார்க்கக் கற்றனர். நஞ்சின் அளவு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. நாட்டின் நெல் விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரையும் இவ்வெண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. சிலந்தி இல்லாத வயலாயின் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூருக்கு இரண்டு புகையான் என்னும் அளவை எட்டும்வரை தெளிக்க வேண்டுவதில்லை. நடவின்போதே இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை ஒரு சாண் அகலத்திற்கும் மேலாகப் பட்டம் விடுதல், தழைச்சத்தை அளவோடு இடுதல், பூச்சி தோன்றியதும் நீரை வடித்தல் ஆகியவை அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கன. ஒரு சிலந்தியின் இருப்பு ஒரு தெளிப்பைத் தவிர்க்கின்றது என்பது எனக்குப் பெரும் வியப்பளித்த செய்தி. பூச்சியைக் கண்டவுடனே தெளிப்பானைத் தேடுபவன் தன்னை விரோத இம்சையினன் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை என்பதே என் கருத்து. எண்ணிப் பார்த்து, வேறு வழியெல்லாம் முயன்று, இறுதியில் தெளிப்பவனுக்கு ஒருவாறு இடமுண்டு.

இனி உயிர்த்தொழில்நுட்பத்திற்கு வருவோம். நஞ்சு தெளிக்க வேண்டாத பயிரையே படைத்துவிட்டால் இச்சிக்கல் தீருமன்றோ என்பது அத்துறையாரின் கூற்று. அதற்கு அவர்கள் கைக்கொண்ட கருவி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியம். அது முதன்முதல் 1901இல் ஜப்பானில், நோயுற்று மடிந்த பட்டுப்புழுக்களிலிருந்து கண்டறியப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் துரிஞ்சியா வட்டாரத்தின் பெயரைப் பெற்றது. பட்டை விலக்கும் நம்மவர் அதன் தோற்றக் கதையைக் கவனிக்கத்தக்கது. இப்பாக்டீரியம் உண்டாக்கும் ஒருவகைப் புரதம், காரத்தன்மையுள்ள புழுவின் குடலிற் கரைந்து, குடற்சுவரைத் துளைத்துக் கொல்கின்றது. மனிதக் குடலில் அப்புரதம் பற்றுதற்குரிய இடம் இல்லை. அப்புரதத்திற்குரிய மரபணுவைச் செடியினுட் புகுத்தியதே பி.டி. பயிர். விலங்கின் மரபணு இதில் கலந்துள்ளது என்று நம் இல்லங்களில் சிலர் அஞ்சுவதுண்டு. இப்பயிரைப் பொறுத்தவரை அவ்வச்சம் வேண்டா.

இந்தியாவில் பி.டி. பருத்தி 2002இல் ஒப்புதல் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தது மெய்யே. தெளிப்பு குறைந்த அளவிற்குப் பிற உயிர்களும் பிழைத்தன. அந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டமை அறிவிக்கப்பட்டது. இரண்டு மரபணுக்களைப் புகுத்திய அடுத்த இரகத்தையும் அப்புழு சில ஆண்டுகளில் வென்றது. அசுவினி, வெள்ளை ஈ முதலிய சாறுறிஞ்சும் பூச்சிகளை இப்புரதம் தொடுவதே இல்லை. ஆகவே தெளிப்பான் மீண்டும் முதுகிலேறியது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு நஞ்சு தெளித்த உழவரும் கூலியாட்களும் இருபதின்மருக்கு மேற்பட்டோர் நச்சேறி மாண்டனர். எவ்வகைப் பருத்தியை விதைத்த நிலங்கள் அவை? பெரிதும் பி.டி. பருத்தியே. பருத்தி உணவன்று என்று நாம் ஒதுங்குதற்கும் இல்லை. அதன் கொட்டை கறவைக்குத் தீவனமாகின்றது. கொட்டை எண்ணெயும் சமையலிற் சேர்கின்றது.

உயிர்த்தொழில்நுட்பம் முழுவதையுமே தீதென்று ஒதுக்குவாரோடும் நான் உடன்படுவதற்கில்லை. சீஸ் என்னும் பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைவிக்கும் நொதியைக் கொல்லப்பட்ட கன்றின் இரைப்பையினின்று எடுப்பதே ஐரோப்பிய வழக்கமாயிருந்தது. 1990இல் அமெரிக்க அரசு, அதே நொதியை மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக்கொண்டு ஆக்குவதற்கு ஒப்புதல் அளித்தது. அதன்பின் கன்றின் தேவை பெரிதும் குறைந்தது. ஒரே நுட்பம் ஓரிடத்தில் உயிரைக் காக்கின்றது. மற்றோரிடத்தில் புழுவுக்கு இடையறாத நஞ்சாகின்றது. நுட்பத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், எவ்வுயிர் எத்துணை மடிகின்றது என்று கேட்டு முடிவு செய்தலே நம் நெறிக்கு இயைவது.

இதுகாறும் உழவனைப் பற்றியே பேசினோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்களாதலின், நகரத்தில் காய் வாங்குவோரும் இக்கணக்கினுள் வருவர். கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம், அதனை விலக்கியோரும் நம்முள் உளர், உண்போரும் உளர். தண்டையும் காயையும் துளைக்கும் புழு காயினுள்ளே ஒடுங்கிவிடுவதால் மேற்றெளித்த நஞ்சு அதனை எட்டாது. எனவே பருவம் முழுதும் ஓயாமல் தெளிக்கின்றனர். சில நாட்களுக்கொருமுறை காய் பறிப்பதாகலின், தெளிப்பிற்கும் பறிப்பிற்கும் இடையே விடவேண்டிய காத்திருப்புக் காலம் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. கழுவுதலால் தோல்மேற் படிந்தது ஓரளவு நீங்குமேயன்றி, செடியின் சாற்றில் ஊடுருவிய நஞ்சு நீங்காது. பி.டி. கத்தரி 2009 அக்டோபரில் ஒப்புதல் குழுவின் இசைவைப் பெற்றும், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதனை நிறுத்திவைத்தது. வங்காளதேசமோ 2013இல் அதனை ஏற்றது. நிறுத்திவைத்தது சரியென்று கொண்டாடிய நாம், அங்காடியில் துளையில்லாத பளபளப்பான காயையே பொறுக்குகின்றோம். துளையுள்ள காயை வணிகன் தள்ளுகின்றான். தள்ளப்படாதிருக்க உழவன் தெளிக்கின்றான். இது செய்வித்தலன்றி வேறென்ன?

வாடிய குருத்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்துதலும், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தலும் கத்தரிக்கு அறியப்பட்ட மாற்று வழிகள். பொறியில் அவ்வினத்து ஆண் அந்துப்பூச்சி மட்டுமே வீழ்கின்றது. தேனீயும் சிலந்தியும் தப்புகின்றன. எனினும் வீழ்கின்ற அதுவும் திரச சீவனே. அதனையும் நாமே அழைத்து வீழ்த்துகின்றோம்.