ஹீட்டர் குளிர்காற்று வீசுவதேன்?

நம் கல்லூரியின் பழைய மாணவரொருவர் கானடா தேசத்து வின்னிபெக் நகரில் உத்தியோகம் பார்த்து வருகின்றார். அந்நகரில் ஜனவரி மாதத்தில் வெப்பமானி சைபருக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்குதல் புதுமையன்று. தம் மோட்டார் வண்டியின் ஹீட்டர் குளிர்காற்றையே வீசுகிறதென்றும், பழுதுபார்க்குமிடம் ஒன்றில் பெரும்பொருள் கொடுத்து ஹீட்டரையே புதிதாக மாற்றியும் பயனில்லையென்றும், பௌதிகம் கற்ற நாம் காரணங் கூறல் வேண்டுமென்றும் அவர் சென்ற குளிர்காலத்தில் எழுதியிருந்தார். நாம் மோட்டார்த் தொழில் அறிந்தோமல்லேம். எனினும் வினா வெப்பத்தின் போக்கைப் பற்றியதாகலின், அவருக்கு விடுத்த விடையை மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு விரித்தெழுதுகின்றோம்.

பெயர் ஹீட்டராயினும் அஃது உஷ்ணத்தைப் பிறப்பிப்பதன்று. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சியதிற் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் கவர்ந்து சென்று ரேடியேட்டரில் வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிடும். இங்ஙனம் வீணாவதிற் சிறிது கடன் வாங்குவதே ஹீட்டரின் தொழில். பம்பு தள்ளும் வெந்நீர் ஒரு ரப்பர்க் குழாய் வழியே, ஓட்டுவோர்க்கு முன்னுள்ள பலகையின் பின்னே மறைந்திருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றினுட் புகுந்து, மற்றொரு குழாயால் எஞ்சினுக்குத் திரும்பும். விசிறி அதன்மீது காற்றைச் செலுத்த, அக்காற்றுச் சூடேறி வண்டிக்குள் வரும். அமெரிக்காவில் நாஷ் கம்பெனியார் 1938-இல் வெளிக்காற்றை வடிகட்டி இம்முறையாற் சூடாக்கி உள்ளே அனுப்பும் வண்டிகளை விற்கத் தொடங்கினர்.

ஆகவே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்றே. வெந்நீர் உண்டாகவில்லையா? உண்டாகியும் ஹீட்டரை வந்தடையவில்லையா? வந்தடைந்தும் காற்று அதன்மீது படவில்லையா? இவற்றைப் பிரித்தறியக் கருவி வேண்டுவதில்லை; கையே போதும். எஞ்சினைக் கால்மணி நேரம் ஓட்டி நிறுத்தியபின், சுழலும் உறுப்புக்களுக்கு விலகி, ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் மெல்லத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். நேரே பற்றலாகாது, நன்கு சூடேறிய எஞ்சின் நீர் 90 டிகிரி அளவினது.

இரண்டும் சுடுமாயின் நீரின்மேற் குற்றமில்லை. வெந்காற்றையும் தண்காற்றையும் கலக்கும் சிறு கதவோ, அதனைத் திருப்பும் மின்மோட்டாரோ சிக்கியிருக்கும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருப்பின், ஹீட்டரின் நுண்குழாய்கள் துருவாலும் வண்டலாலும் அடைபட்டிருக்கலாம். சில வண்டிகளில் இடையே ஒரு வால்வும் மூடிக்கிடக்கும். இரண்டுமே வெதுவெதுப்பாயின், தெர்மோஸ்டாட்டை ஐயுறுக. மெழுகு உருகி விரிவதால் திறக்கும் இச்சிறு கதவு எஞ்சின் சூடாகுமட்டும் மூடியிருந்து நீரை ரேடியேட்டருக்குப் போகாமற் காக்கும். அது திறந்தபடியே நின்றுவிடின், வண்டி விரைந்தோடுந்தோறும் குளிர்காற்று நீரின் உஷ்ணத்தைக் கொள்ளைகொள்ளும், முள்ளும் மேலேறாது.

நம் நண்பர் அனுப்பிய மறுமொழி வேறாயிருந்தது. வண்டி நிற்கும்போது காற்றுக் குளிர்ந்தும், எஞ்சினை விரைவுபடுத்தினால் சிறிது சுட்டும் வருகின்றதாம். இதுவே நம்மைத் திடுக்கிடச் செய்தது. நீர் குறைந்து, உயரத்திலுள்ள ஹீட்டரிற் காற்று நிரம்பியிருக்கும்போது, பம்பு மெல்லச் சுழலுங்கால் நீர் அவ்வளவு மேலே ஏறாது. எஞ்சின் முற்றும் குளிர்ந்தபின்னரே மூடியைத் திறந்து பாரும் என்று உடனே எழுதினோம். சூட்டிற் றிறந்தால் அழுத்தத்தில் அடைபட்ட நீர் பொங்கி முகத்தை வேவித்துவிடும்.

பார்த்தார், நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. முள் மட்டும் இயல்பான இடத்திலேயே நின்றதாம். அதிற் புதுமையில்லை, உணர்கருவி நீரில் அமிழாது ஆவியில் நின்றால் முள் பொய்யுரைக்கும். ஹீட்டர்தான் மெய்யுரைத்தது, அதனையே பிடுங்கியெறிந்தனர்!

மற்றொன்றும் அவர் ஒப்புக்கொண்டார். இலையுதிர்காலம் முதல் நீர் குறையுந்தோறும் குழாய்நீரை ஊற்றி வந்தாராம். குளிர்தேசத்தில் எஞ்சின் நீருடன் எத்திலீன் கிளைக்கால் கலப்பர். இருபொருளும் சமபங்காயின் அக்கலவை சைபருக்குக் கீழ் ஏறக்குறைய 37 டிகிரி வரை உறைவதில்லை. வியப்பென்னவெனில், நீர் கலவாத கிளைக்கால் சைபருக்குக் கீழ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்; இரண்டும் ஒன்றையொன்று உறையவொட்டாமற் றடுக்கின்றன. நீரை மேலும் மேலும் சேர்க்கின் இக்காவல் தளர்கின்றது. நீர் பனிக்கட்டியாகுங்கால் கனபரிமாணம் நூற்றுக்கு 9 பங்கு பெருகுமாதலின், இரும்பாலாய எஞ்சினும் ஓரிரவிற் பிளந்துபோகும்.

இனி, போன நீர் எங்கே? வண்டிக்குட் கால்மிதி நனையவில்லை, இனிய நாற்றமுமில்லை, ஆதலின் ஹீட்டர் ஒழுகவில்லை. தரையிலும் சொட்டில்லை. எஞ்சியது ஹெட் காஸ்கெட். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையேயுள்ள இத்தகடு பழுதுபட்டால் நீர் சிலிண்டருட் கசிந்து எரிந்துபோம். எரிந்த வாயுவும் நீரிற் புகுந்து குமிழியிடும். இதற்கொரு சோதனையுண்டு. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றை நீலநிறத் திரவமொன்றில் இழுத்தால், கரியமிலவாயு இருப்பின் நீலம் மஞ்சளாகும். நம் ரசாயன சாலையில் மாணவர் புரோமோதைமால் நீலத்தில் ஊதிப் பார்ப்பதும் இதுவே.

வேறோரிடத்திற் சோதித்தபோது நீலம் மஞ்சளாயிற்று. சிலிண்டர்த் தலை வளைந்து போகுமுன்னரே காஸ்கெட்டை மாற்றிவிட்டனர். கிளைக்கால் கலவையைப் புதிதாக நிரப்பி, உள்ளே தங்கிய காற்றையும் போக்கியபின் ஹீட்டர் வெந்காற்றை வீசுகின்றதென எழுதியுள்ளார். கழற்றிய பழைய ஹீட்டரை வாங்கி வைத்திருக்கின்றாராம். நீர் ஊற்றிப் பார்த்ததில் அதில் அடைப்புமில்லை, ஒழுக்குமில்லை.