புளூபெல் காட்டுக்குப் போகுமுன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீலப் பூக்களின் நடுவே வெள்ளை உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். “இது எந்த இடம் பெரியம்மா? ஜூனில் பரீட்சை முடிந்ததும் நானும் போகணும்” என்று கேட்டிருக்கிறாய். ஜூனில் போனால் அங்கே பூ இருக்காது, கண்ணு. புளூபெல் என்ற அந்த நீலப் பூ ஏப்ரல் நடுவில் தொடங்கி மே கடைசிக்குள் முடிந்துவிடும். உன் பரீட்சைக்காக அது காத்திருக்காது. நீதான் நடுவில் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். உலகத்துப் புளூபெல்லில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனில்தான் வளர்கிறது. இங்கே படிக்க வந்துவிட்டு அதைப் பார்க்காமல் ஒரு வசந்தத்தைக் கழிக்காதே.

லண்டனிலிருந்து போவதற்கு ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பக்கம் இருக்கும் ஆஷ்ரிட்ஜ் நல்ல இடம். நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிற காடு. அதில் டாக்கி வுட் என்ற பகுதி புளூபெல்லுக்குப் பேர்போனது. வார நாளில், காலையிலேயே போ. வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த நீலம் தரையிலிருந்து புகைபோல எழுந்து நிற்பது தெரியும். பாதையோரமாகக் குந்தி உட்கார்ந்து முகர்ந்து பார். இந்த மண்ணின் புளூபெல்லுக்கு மணம் உண்டு. தண்டு ஒரு பக்கமாக வளைந்து பூக்கள் தலைகுனிந்து தொங்கும். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிய வகை நிமிர்ந்து நிற்கும், மணம் இருக்காது. இரண்டும் கலந்து கலப்பினம் பரவுவதால், மணக்கிற பூ நிறைந்த காடு கிடைத்தால் அதன் அருமையைத் தெரிந்துகொள்.

இப்போது அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனி. அவளுக்கடியில் நசுங்கிக் கிடப்பவை இலைகள். பூ போனால் அந்த வருஷத்துப் பூ போகும், அவ்வளவுதான். இலை நசுங்கினால் இழப்பு அதோடு நிற்காது. மே மாதம் மேலே மரங்கள் தழைத்து மூடியதும் காட்டுத் தரையில் வெளிச்சம் குறைந்துவிடும். அதற்கு முன்பு கிடைக்கிற சில வார வெளிச்சத்தில்தான் புளூபெல் தன் வருஷத்துச் சாப்பாட்டை இலையில் சமைத்துக் கிழங்கில் சேர்த்துக்கொள்கிறது. இலை கசங்கினால் கிழங்கு பட்டினி. மிதிபட்ட இடம் பழையபடி பூக்கப் பல வருஷங்கள் ஆகும். புதிதாக விதை விழுந்து முளைத்தாலும் பூ வர ஐந்து வருஷத்துக்குக் குறையாது. ஒருவர் படம் எடுக்க உள்ளே நாலடி வைத்தால் அங்கே ஒரு தடம் தெரிகிறது. அடுத்தவர் அதைப் பாதையென்று நினைத்து நடக்கிறார். மே முடிவதற்குள் அது உண்மையிலேயே பாதையாகிவிடுகிறது.

இப்படித் தரை முழுக்கப் புளூபெல் விரிந்திருந்தால், பெரும்பாலும் அது மிகப் பழைய காடு. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இடையறாமல் காடாக இருந்துவரும் நிலத்தைத்தான் பழங்காடு என்று கணக்கில் எடுக்கிறார்கள். அப்படிப்பட்டது பிரிட்டனின் நிலப்பரப்பில் இரண்டரை சதவீதம் அளவுக்கே மிஞ்சியிருக்கிறது. புதிதாக மரம் நட்டு அதை ஈடுகட்ட முடியாது; அந்த மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. 1981இன் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். சட்டம் தடுப்பது பிடுங்குவதைத்தான். மிதிப்பதைத் தடுக்க நம்மை விட்டால் ஆள் கிடையாது. படத்தில் இருக்கும் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனி. புளூபெல்லின் இலை ஜனவரியிலேயே மண்ணைப் பிளந்துகொண்டு வரத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் போகிறவருக்கு அது வெறும் புல் மாதிரித் தெரியும். தாராளமாக மிதித்துக்கொண்டு நடப்பார். அதே தரையில் ஆகஸ்டில் இலையெல்லாம் மடிந்து கிழங்கு ஆழத்தில் தூங்கும். அப்போது நடந்தால் அவ்வளவு கேடில்லை. இந்த ஊர் நிலத்தைப் பற்றி நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: இங்கே நடக்கும் பாதிச் சேதம் காலம் தெரியாததால் நடக்கிறது. எங்கே போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த மாதத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் நீ சேர்த்துக் கேள்.

உன் தோழி நாய் வளர்க்கிறாள் என்று சொன்னாயே, அவளுக்கும் இதைப் படித்துக் காட்டு. மார்ச் முதல் ஜூலை வரை இந்த நாட்டுப் புல்வெளிகளிலும் மூர்லாந்து எனப்படும் மேட்டுப் புதர்வெளிகளிலும் தரையெங்கும் கூடு. வானம்பாடி புல்லுக்குள் கூடு கட்டும். நம்மூர் ஆள்காட்டிக்கு உறவான லாப்விங் என்ற பறவை திறந்த தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். கர்லூ என்றொரு பறவை உண்டு. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு, கேட்டால் நெஞ்சை உலுக்குகிற குரல். உலகில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களில் கால்வாசி பிரிட்டனில்தான் கூடு கட்டுகின்றன. அதன் எண்ணிக்கை வேகமாகச் சரிந்ததால் 2015இல் பிரிட்டன் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நாய் முட்டையைத் தின்ன வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்துவிடும். மலைக்காற்றில் முட்டை குளிர்ந்துபோகும், அல்லது மேலே வட்டமிடும் காக்கைக்கு இடம் தெரிந்துவிடும். அதனால்தான் பொதுமக்கள் தாராளமாக நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆடுமாடு மேயும் இடத்தில் வருஷம் முழுக்கவே அப்படித்தான். ஆகஸ்டில் தலைக்கு மேலே வானம்பாடியின் பாட்டு ஓய்ந்திருக்கும்; மலையெல்லாம் ஹெதர் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். நாயோடு நீண்ட தூரம் நடக்க ஆசையென்றால் அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நிலம் என்றேனே, அது சும்மா கிடைத்ததல்ல. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடப் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள்தான் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் பணக்காரர்களின் வேட்டை நிலங்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் அதே பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. சுதந்திரமாக நடக்கும் உரிமையைத் தந்த சட்டம் 2000இல்தான் வந்தது. வயலின் நடுவே மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதை போவதைப் பார்ப்பாய். அது தனியார் நிலமாக இருந்தாலும் அதில் நடக்க உனக்கு உரிமை உண்டு. யாராவது முறைத்துப் பார்த்தால் கூசாதே. நம்மைப் போன்ற முகங்கள் இந்த நாட்டுப்புறத்தில் இன்னும் குறைவாகவே தென்படுகின்றன. அதற்காக நம் உரிமை குறைந்துவிடாது. பயிருக்குள் இறங்காமல் பாதையிலேயே நட. கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ.

முன்பு சொன்ன காலத்தைக் கற்றுக்கொள்வது எப்படி? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தொடங்கி, முதல் பனித்துளிப்பூ, ஓக் மரத்தின் முதல் தளிர், முதல் தகைவிலான், முதல் குக்கூ குரல் என்று வசந்தத்தின் அடையாளங்களைத் தேதிபோட்டு எழுதிவைத்தார். அவருக்குப் பின்னும் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக 1958 வரை எழுதிக்கொண்டே வந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். தட்பவெப்பம் மாறிவருவதை அளக்க விஞ்ஞானிகள் இன்று அந்தக் குறிப்புகளைப் புரட்டுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காட்டில் 1947 முதல் கிரேட் டிட் பறவைகளைக் கவனித்துவருகிறார்கள். அவை இப்போது முன்பைவிட இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே முட்டையிடுகின்றன. ஓக் முன்னதாகத் தழைத்தால் அதன் இலையைத் தின்னும் புழுவும் முன்னதாக வரும். குஞ்சுக்கு இரை அந்தப் புழுதான். இந்தச் சங்கிலியில் ஒன்று பிந்தினால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். உட்லேண்ட் டிரஸ்ட் நடத்தும் நேச்சர்ஸ் காலெண்டர் திட்டத்துக்கு நீயும் உன் தேதிகளை அனுப்பலாம். உன் விடுதி வாசலில் நிற்கும் ஒரே மரத்தைப் பற்றி எழுதினாலும் அதற்கு மதிப்பு உண்டு.

உன்னிப்பாகப் பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு பட்டாம்பூச்சி காரணம். லார்ஜ் புளூ என்று பெயர். பூச்சி பிடித்துச் சேகரிப்பவர்களால்தான் அது அருகிவருகிறது என்று நம்பி, அது இருந்த சரிவுகள் சிலவற்றைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலிக்குள் அது இன்னும் வேகமாக மறைந்தது. ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1970களில் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தோடு கூடவே இருந்து கவனித்தார். அந்தப் புழு முதலில் காட்டுத் தைம் செடியின் பூவைத் தின்கிறது. சில வாரத்தில் தரையில் விழுந்து, ஒருவகைச் சிவப்பெறும்பை ஏமாற்றி, தன் குஞ்சு என்று நினைத்து அது தூக்கிக்கொண்டு போகும்படி செய்கிறது. பிறகு பல மாதம் புற்றுக்குள்ளேயே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. எல்லா எறும்பும் உதவாது. மிர்மிக்கா சபுலேட்டி என்ற ஓர் இனம்தான் அதற்குச் சரிப்படும். அந்த எறும்புக்கு வெயில் சுடும் தரை வேண்டும், அதற்குப் புல் கட்டையாக இருக்க வேண்டும். மிக்ஸோமடோசிஸ் நோய் 1950களில் முயல்களை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆடுமாடு மேய்ச்சலும் நின்றுபோயிருந்தது. போட்ட வேலியோ மிச்ச மேய்ச்சலையும் தடுத்தது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்ததில் தரை குளிர்ந்து எறும்பு போயிற்று, எறும்போடு பட்டாம்பூச்சியும் போயிற்று. 1979இல் அது பிரிட்டனில் அற்றுப்போனது. விடை கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆனால் விடை வீண்போகவில்லை. 1983இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சரிவுகளில் மறுபடி மாடும் ஆடும் மேய்ந்தன. இன்று சாமர்செட்டில் அது நன்றாகப் பெருகியிருக்கிறது. ஆகையால் ஒரு காப்பகத்தில் மாடு மேய்வதையோ மரம் வெட்டிக் கிடப்பதையோ பார்த்ததும் அழிக்கிறார்கள் என்று கோபப்படாதே. புல்வெளியை விதை உதிர்ந்த பிறகு அறுப்பது, மூர்லாந்தில் முளைக்கும் மரக்கன்றைப் பிடுங்குவது, எல்லாம் இங்கே காப்பாற்றும் வேலையில் சேர்ந்தவை. விசாரித்துப் பார். வனவிலங்கு அறக்கட்டளைகளில் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டராகச் சேர்ந்து நீயே ஒரு நாள் அரிவாள் பிடித்தும் பார்க்கலாம்.

கோடையில் நண்பர்கள் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டால், ஹீத் புதர்நிலத்தில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல். 2020 மே மாதம் டார்செட்டில் வேர்ஹாம் காடு நாள்கணக்கில் எரிந்தது. தீயணைப்பவர்கள் அந்த வட்டாரத்தில் தூக்கிப்போட்ட பார்பிக்யூத் தட்டுகளைக் கண்டெடுத்தார்கள். மே என்றால் கூடு கட்டும் காலம். பறவைக்குச் சிறகு உண்டு, குஞ்சுக்கும் மணல் பல்லிக்கும் ஓட வழி கிடையாது.

அக்டோபரில் ரிச்மண்ட் பார்க்கில் கலைமான்கள் உறுமிக்கொண்டு மோதும். ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பார், செல்ஃபிக்காக நெருங்காதே. நவம்பரில் லிங்கன்ஷயர் கடற்கரையில் டானா நூக் என்ற இடத்தில் சாம்பல் சீல்கள் வெள்ளை ரோமக் குட்டிகளை ஈனும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே வெகு அருகில் பார்க்கலாம். வேறு கடற்கரையில் குட்டி ஒன்று தனியாகக் கிடந்தால் தொடாதே, கடலுக்குள் விரட்டாதே. தாய் பக்கத்துத் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆள் கூடினால் பயந்து திரும்பாமலே போய்விடும். பால் குடிக்கும் காலம் மொத்தமே மூன்று வாரத்துக்குள் என்பதால், அதில் வீணாகிற ஒவ்வொரு நாளும் குட்டிக்குப் பெரிய இழப்பு. குளிர்காலத்தில் சாமர்செட் ஹாம் வாலில் மாலை நேரம் மைனா குடும்பத்து ஸ்டார்லிங்குகள் வானத்தில் திரளும். அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆஷ்ரிட்ஜுக்கு யூஸ்டனிலிருந்து ட்ரிங் வரை ரயில் இருக்கிறது; அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும், சேறு தாங்கும் காலணி போட்டுக்கொள். போகுமுன் பூ எந்த அளவுக்கு மலர்ந்திருக்கிறது, டிக்கெட் வேண்டுமா என்று நேஷனல் டிரஸ்ட் அறிவிப்பைப் பார்த்துவிடு. உன் பரீட்சை முடிந்ததும் ஜூன் கடைசியில் நாம் இருவரும் சாமர்செட்டில் காலர்ட் ஹில்லுக்குப் போகலாம். லார்ஜ் புளூ பறக்கும் மாதம் அது, வெயில் அடித்தால் பார்த்துவிடலாம். உனக்கு எந்தச் சனிக்கிழமை ஒத்துவரும் என்று எழுது. சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா