சொறிமீனின் கொட்டும் பிற கடலுயிர்களும்

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வலைகளில் அகப்படும் சொறிமீன், உண்மையில் மீன் அன்று, முதுகெலும்பற்ற உயிராகும். அதன் உடலில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் நீரே உள்ளது. அதன் உணர்கொம்புகளில் கொட்டும் நுண்ணறைகள் நிறைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும் நச்சுப்பையும், அதனுள் சுருண்ட குழலும் உண்டு. இரை தீண்டியவுடன் குழல் ஊசிபோல் பாய்ந்து நஞ்சைச் செலுத்துகின்றது. மீன்குஞ்சு முதலிய சிற்றுயிர்கள் செயலிழந்து இரையாகின்றன.

இந்நஞ்சே சிலவற்றிற்கு அரணாகவும் அமைகின்றது. பாரைமீன் குஞ்சுகள் சொறிமீனின் குடைக்கீழ் ஒதுங்கிப் பகைமீன்களினின்று தப்புகின்றன. தோணியாமையோ சொறிமீனையே முதன்மை உணவாகக் கொள்கின்றது.

கூண்டில் வளரும் மீன்களுக்கு விலகிச் செல்ல வழியில்லை. உணர்கொம்புத் துணுக்குகள் வலைக்கண் வழியே புகுந்து செவுள்களைப் புண்படுத்துவதால் அவை மூச்சுமுட்டி மடிகின்றன. 2007 நவம்பரில் வட அயர்லாந்தில் ஒரு பண்ணையின் சால்மன் மீன்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இவ்வாறு மாண்டன. மண்டபத்தை அடுத்த கடலில் கூண்டுகளில் கடல்விரால் வளர்க்கப்படுவதால், சொறிமீன் கூட்டங்களின் வரவைக் களப்பணியாளர் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

கரையொதுங்கி இறந்த சொறிமீனும் கொட்டவல்லது. ஆதலின் மாணவர் அதனை வெறுங்கையால் தொடாதவாறு ஆசிரியர் காத்தல் கடமையாகும்.